ராமேஸ்வரம் தீவில் இரண்டு இரவு

மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி ராமேஸ்வரம் போகாத வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். காசிக்குப் போய்வந்தவர்கள் போவார்கள், பித்ரு காரியத்துக்குப் போவார்கள், பிள்ளைவரம் கேட்டுப் போவார்கள். ஆனால் அங்கே எங்கே தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. விடியற்காலையில் ரயிலைவிட்டு இறங்கினோம், அக்னி தீர்த்தத்தில் முழுகினோம், 22 தீர்த்தமும் ஆடினோம், தரிசனம் முடிந்தது, வேன் பிடித்துத் தனுஷ்கோடி பார்த்தோம், சாயங்கால ரயிலில் திரும்பிவிட்டோம். தி. நகரில் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கிறவர்களும் மதுரையோடு சேர்த்து அரைநாளை ஒதுக்கித்தான் இந்த ஊரைக் காட்டுகிறார்கள். கோயிலுக்கு அது போதலாம். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற தீவுக்குப் போதாது. கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதுதான்: இரண்டு இரவு தங்குங்கள். ஓர் இரவு கோயிலுக்கு, ஓர் இரவு கடலுக்கு.

வந்தவர்களைத் தங்கவைத்தே வளர்ந்த வழி இது. பாலத்தைக் கடந்ததும் வருகிற ஊர்கள் அக்காள்மடம், தங்கச்சிமடம். தனுஷ்கோடிக்குப் பிரிகிற இடம் முகுந்தராயர் சத்திரம். எதிர்க்கரையில் மண்டபம், பிள்ளைமடம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேதுவுக்குப் போகும் சாலையெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள்; ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. இந்தச் சத்திரங்களுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்று 1801இல் இரண்டாம் சரபோஜி கும்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி எதுவென்று பாராமல் எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுக்கப்படும், நடுநிசியில் மணியடித்து இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாமென்று கூவி அழைப்பார்கள் என்று அதில் விவரித்திருக்கிறார். நோயாளிக்கு வைத்தியர், அநாதைக் குழந்தைக்கு வாத்தியார். ஒரு யாத்திரைச் சாலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் நான் படித்ததில்லை. படித்த பிறகு, அரைநாளில் இந்தத் தீவைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது போவது எளிது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்துவிட்டு 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. இடையில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரயில்கள் எதிர்க்கரையோடு நின்றன, மிச்ச தூரத்துக்குப் பஸ். 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று புதிய பாலம் திறந்தது. நடுவிலுள்ள 72.5 மீட்டர் கண் கப்பலுக்கு வழிவிட்டு நேராக மேலே எழும்புகிறது. சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸ் உண்டு. பழைய போட் மெயிலின் வாரிசான ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வருகிறது. பாலம் திறந்த அன்றே தாம்பரத்திலிருந்து புதிய ரயிலொன்று தொடங்கியது. திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி என்று அது வருகிற வழி, பழைய சத்திரச் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. எதில் வந்தாலும், பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி போகும்போதோ திரும்பும்போதோ ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் பஸ்ஸில் போனாலும் சரி. இடப்பக்கமும் வலப்பக்கமும் கடல் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

முதல் இரவைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. ஸ்படிகலிங்க தரிசனம் விடிகிற நேரத்தில், ஐந்து மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். பிறகு அக்னி தீர்த்தம், அதன்பின் கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளியோடு கிணற்று மேடையில் நிற்கிறவர்கள் தலையில் ஊற்ற ஊற்ற, ஈரத்தோடு ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டும். ஈர உடையோடு மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள். வயதானவர்கள் கூட வந்தால், கிழக்குக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அறை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்போது தெரியும். நாலு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையோரத்தில் நீச்சல் குளத்தோடு இருக்கிற ஹோட்டல் அந்தக் காலைப்பொழுதுக்கு உதவாது.

கோயிலருகே வகைக்கு ஒன்று உண்டு. தேவஸ்தான விடுதி அறைகள் சிக்கனமானவை. முன்பதிவு செய்யாமல் போனால் கிடைப்பது அதிர்ஷ்டம். கடற்கரையை ஒட்டித் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. புதிய விடுதிகளின் பளபளப்பு இல்லை, ஆனால் காற்றும் கடலும் தாராளம். காஞ்சி சங்கர மடம் அக்னி தீர்த்தக் கரையில். நகரத்தார் தங்களவர்களுக்கென்று நடத்துகிற விடுதி உண்டு. குஜராத்தி, மார்வாடி தர்மசாலைகள் பல. மடத்திலோ தர்மசாலையிலோ தங்குவதென்றால் ஏசி இருக்குமா என்று கேட்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: குழாயில் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? தீவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிதண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பாலம் தாண்டி வருகிறது. கடலில் குளித்துவிட்டு வந்து உப்புத் தண்ணீரில் மறுபடி குளிப்பது அறுபது வயதுத் தோலுக்கு ஆகாது. அறையை எடுக்குமுன் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். வரவேற்பில் இருப்பவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

சிராத்தம், தில ஹோமம் என்று வருகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. வாத்தியார் வீடு. பல சென்னைக் குடும்பங்களுக்குத் தலைமுறையாக ஒரே வாத்தியார் குடும்பம். முன்கூட்டியே போன் செய்துவிட்டால் காரியமும் அங்கே, சாப்பாடும் அங்கே. மிளகாய் இல்லாமல் மிளகும் சீரகமும் போட்ட சமையல், வாழைக்காய், பயத்தம்பருப்பு, எள்ளுருண்டை. வெங்காயமும் பூண்டும் கிடையாது. ஒருமுறை அப்படி இலைமுன் உட்கார்ந்திருந்தபோது பரிமாறிய மாமி, "ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு எழுந்துடாதீங்கோ. பித்ருக்கள் பசியோட போகப்படாது, நீங்களும் போகப்படாது" என்றார். அந்த உபசாரத்தை எந்த விடுதியிலும் விலைக்கு வாங்க முடியாது. கோயிலுக்குள் பூஜை செய்யும் குருக்கள் மகாராஷ்டிரத்து வழியில் வந்தவர்கள். சேதுவுக்கும் வடக்குக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அவர்களே சாட்சி.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் உணவு சைவம்தான். காலையில் தரிசனம் முடிந்து வெளியே வந்தால் பொங்கலும் இட்லியும் எங்கேயும் கிடைக்கும். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் சாதாரணமாகத்தான் இருக்கும். சட்னியில் வேறு தண்ணீர். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பெரிய நாளில் எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தெருவில் பசியாறுகிறார்கள் என்று பார்த்தால் போதும். அங்கே நான் தேடிப்போவது வடநாட்டு யாத்ரிகர்களுக்காக நடக்கும் சிறிய போஜனசாலைகளை. அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும் சூடான ரொட்டி, நெய் விட்ட கிச்சடி, மோர். சௌராஷ்டிரத்திலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்த பாட்டிக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதைச் சமைக்கிறார்கள். அது நமக்கும் ஒத்துக்கொள்கிறது. அசைவம் வேண்டுமானால் பேருந்து நிலையம் பக்கம் போக வேண்டும், ஆனால் அவசரப்படாதீர்கள். அதற்கு இரண்டாவது நாள் இருக்கிறது.

முதல் நாள் பகல் வெயிலில் மூன்றாம் பிராகாரத்துக்குப் போங்கள். தீர்த்தமாடி ஈரத்தோடு ஓடும்போது கண்ணில் படாத 1212 தூண்களும் அப்போதுதான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில்கூட அந்தக் கல் குளிர்ச்சியாக இருக்கிறது. இரவு நடை சாத்துவதற்கு முன் இன்னொரு முறை. ஊரில் தங்கியவருக்கு மட்டும் கிடைக்கிற கோயில் அது. வேன்கள் போன பிறகு, உள்ளூர்க்காரர்கள் வேலை முடித்து வந்து ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற கோயில்.

இரண்டாம் நாள் காலை தனுஷ்கோடி. வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறந்தது. அதற்குமுன் மணலில் ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டியிருந்தது. ஒருபக்கம் மன்னார் வளைகுடா, உள்ளூரில் ஆண் கடல். மறுபக்கம் பாக் நீரிணை, பெண் கடல். இங்கே இரவு தங்க அனுமதி இல்லை, மாலைக்குள் வெளியேற வேண்டும். ஒருகாலத்தில் இது தங்கும் ஊராகவே இருந்தது. எழும்பூரில் ஏறி, ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகிறவர்கள் இங்கே ரயில்விட்டு இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தார்கள். சுங்கச் சாவடி, தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளி, மாதா கோயில், யாத்ரிகர் விடுதிகள் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு ஊரும் போயிற்று. பாம்பன் பாலத்தின் கண்களும் அடித்துச் செல்லப்பட்டன, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை மீட்டுக் கட்டினார்கள். தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் மீனவக் குடும்பங்கள் போகவில்லை.

அவர்களுடைய ஓலைக்கொட்டகைகளில்தான் இங்கே சாப்பாடு. காலையில் கரைவலையில் வந்ததை மிளகாய்ப்பொடி தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். கை நீட்டிக் காட்டினால் பொரித்துத் தருவார்கள். ஹோட்டல் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை வேனிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தை மணலில் போட்டுப் போகிற கூட்டத்தைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். உங்கள் காலைப் பணத்தை இந்தக் கொட்டகைகளில் செலவழியுங்கள். மின்சாரத்துக்கும் பள்ளிக்கும் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த குடும்பங்கள் அவை. கேட்டால் ஊற்றையும் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணலைக் கையால் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள் பெண்கள். குடிக்கக் கொடுத்தார்கள், இளநீர்போல இருந்தது.

இரண்டாம் இரவுக்குக் கோயில் ஊரைவிட்டு மேற்கே வந்துவிடுங்கள், தங்கச்சிமடத்துக்கோ பாம்பனுக்கோ. பெரிய பட்டியல் தரும்படி விடுதிகள் இங்கே இல்லை. சாலையோர லாட்ஜுகள், சில வீட்டுத் தங்கல்கள், தென்கரையில் கைட் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறவர்கள் நடத்தும் குடில்கள். கோடையில் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்தை விளாசும். வடகிழக்குப் பருவத்தில் அமைதியான பெண் கடல்தான் கொந்தளிக்கும். அறை எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதை மாதத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். தங்கச்சிமடத்தின் மணலில் பனைக்கும் தென்னைக்கும் நடுவே மல்லிகை நாற்றங்கால்கள் பச்சைப் பாத்திகளாகக் கிடக்கும். இங்கிருந்து போகிற நாற்றுதான் பல மாவட்டங்களில் மல்லிகைத் தோட்டமாகிறது. சாயங்காலம் பாம்பனின் குந்துகால் முனைக்குப் போகலாம். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கரையிறங்கிய இடம், இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. வளைகுடாவில் இப்படி 21 தீவுகள், கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பவளத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், சட்டமும் தடுக்கிறது, கடலும் தாங்காது.

இனி மீன். நொச்சிக்குப்பம் லூப் ரோட்டிலோ அடையாறு ஊரூர் குப்பத்திலோ மீன் வாங்குகிறவர்கள் வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இங்கே அப்படிக் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். விளமீனாக இருக்கலாம், ஊளியாக இருக்கலாம், பாறை, நகரை, முரல், கணவாய், நண்டு. நம்முடைய வஞ்சிரம் இங்கே சீலா. விலை இங்கும் குறைவில்லை. நகரைக் குழம்பு தின்றுவிட்டு வந்தவர் அடுத்தமுறை சீலாவைத் தேட மாட்டார் என்பது என் துணிபு.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. போன படகுகள் மறுநாள் காலையில் கரை திரும்பும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் கால்வைக்க இடமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு கொண்டுவருகிற கொஞ்சம்தான். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துப் போனால் மறுநாள் வேலைநிறுத்தம், துறைமுகம் வெறிச்சோடிவிடும். அப்படியொரு நாளில் பாம்பனில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். இலை போட வந்த அக்கா, "இன்னைக்கு முட்டைதான் தம்பி இருக்கு. பக்கத்துத் தெருவுல ரெண்டு பயலுக உள்ள போயிட்டாங்ய, அடுப்புப் பத்தவைக்கவே மனசில்ல" என்றார். முட்டைக் குழம்பும் ரசமும் சாப்பிட்டேன். கடையில் யாரும் பேசவில்லை. மீன் கிடைக்காத நாளைக் குறையாகச் சொல்கிற பயணிகள் அந்தத் தெருவில் ஒருதரம் நடந்து வரவேண்டும்.

கிடைக்கிற நாளில் மதியச் சாப்பாடு கடலோர முஸ்லிம் வீட்டுச் சமையல் சாயலுள்ள கடையாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். குழம்பை ஆணம் என்பார்கள். தேங்காய்ப்பாலும் புளியும் ஒன்றையொன்று மீறாமல் நிற்கும் மீன் ஆணம், நெய்ச்சோறு, தாளிச்சா. அப்துல் கலாம் வளர்ந்த பள்ளிவாசல் தெரு வீட்டையும், பேக்கரும்பில் 2017இல் திறந்த அவருடைய நினைவிடத்தையும் பார்க்கப் போகிறவர்கள் அநேகம். அந்த வீட்டின் சமையலறை எப்படி மணத்திருக்கும் என்று அறிய இந்த ஆணமே வழி. இனிப்புக்குக் கீழக்கரைத் தொதல், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிக் கிண்டி இறுகியது. வெயில் காலத்தில் நுங்கும் பதநீரும், தை மாதத்தில் பனங்கிழங்கும் சாலையோரத்திலேயே வாங்கலாம்.

இந்தத் தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் போகிறார்கள். கச்சத்தீவு, 285 ஏக்கர், 1974 முதல் இலங்கையுடையது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் புனித அந்தோணியார் திருவிழா இரண்டு நாள். வேர்க்கோடு தேவாலயப் பங்கு வழியாகப் பதிவு செய்துகொண்டு படகில் போய் வருவார்கள். அங்கே விடுதியும் இல்லை, குடிநீரும் இல்லை. கோயிலைச் சுற்றி மரத்தடியில் பாய் விரித்து ஓர் இரவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் பாம்பனிலிருந்து வந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். நிபந்தனைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் கோயிலருகே அறை கிடைக்காது. கிடைத்தாலும் கேட்கிற வாடகை கொடுக்கக்கூடியதாக இருக்காது. காரியம் இருந்தால் ஒழிய அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை காற்றும் வெயிலும் இதமாக இருக்கும். சென்னையில் திங்கள் மாலை ரயிலேறினால் செவ்வாய் பகலும் இரவும் கோயிலோடு போகும். ஸ்படிகலிங்கத்தையும் தீர்த்தங்களையும் புதன் விடியலில் முடித்துக்கொண்டு, எட்டு மணிக்கெல்லாம் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடலாம். அன்று இரவு தங்கச்சிமடம். புதனன்று போன படகுகள் வியாழன் காலையில் திரும்பும். ஆட்டோக்காரரிடம் முந்தின இரவே சொல்லிவைத்தால் ஆறு மணிக்குத் துறைமுகத்தில் இறக்கிவிடுவார். வாங்கிய நண்டைச் சமைத்துத் தருகிற கடையையும் அவரே காட்டுவார். கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாயங்கால ரயிலுக்கு நேரம் நிறைய இருக்கும்.